நாற்பதாயிரம் பேர், பதினான்கு அட்மின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னை, மஞ்சள், மாடு, சந்தை விலை, வாய்க்கால் தண்ணீர் என்று கொங்குப் பக்கத்து விவசாயிகள் பேசிக்கொள்கிற ஒரு குழுவை 2017லிருந்து நடத்துகிறோம். முதலில் வாட்ஸ்அப்தான். அப்போது ஒரு குழுவில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது (இப்போது 1024). ஒரே விஷயத்தை ஆறு குழுவில் ஆறு தடவை பேசி அலுத்துப்போய், அப்புறம் டெலிகிராமுக்கு மாறினோம். அங்கே இரண்டு லட்சம் பேர் வரை இடம் உண்டு. இன்றைக்கு நாற்பதாயிரத்துச் சொச்சம் உறுப்பினர்கள், பதினான்கு அட்மின்கள், யாருக்கும் சல்லிக்காசு சம்பளம் கிடையாது. அந்தப் பதினான்கு பேரை ஒட்டுக்கா வைத்திருப்பதுதான் என் வேலை. அபார்ட்மென்ட் குழு, பழைய மாணவர் குழு, பனியன் தொழில் குழு என்று நடத்துகிறவர்கள் போன் போட்டுக் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் எழுதிவைத்துவிட்டேன்.

அட்மின், மாட், மட்டுறுத்துநர். இதில் எதுங்க சரி?

மட்டுறுத்துநர் என்பது அருமையான சொல், அந்த வேலைக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் ஊரில் எல்லோருக்கும் அட்மின்தான். மாடரேட்டர் என்ற ஆங்கிலத்தைச் சுருக்கி 'மாட்' என்றும் சொல்லிப் பார்த்தோம். "இன்னைக்கு எத்தனை மாட் ஆன்லைன்ல இருக்கு?" என்று ஒரு தம்பி தெரியாமல் பொதுக்குழுவில் போட்டுவிட்டான். "ஏனுங்க, ஆன்லைன்ல மாடு பிடிச்சா கட்டுப்படியாகுங்களா, மயிலையா செவலையா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்றோடு விட்டோம்.

இத்தனை உறுப்பினருக்கு இத்தனை அட்மின் என்று கணக்கு இருக்குதுங்களா?

உறுப்பினர் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நாற்பதாயிரம் பேரில் வாயைத் திறப்பவர்கள் சில நூறு பேர்தான். எந்த நேரத்தில் பேசுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். எங்களுக்கு விடியக்காலம் பால் கறந்து ஊற்றிவிட்டு வந்ததும் ஒரு கூட்டம், ராத்திரி ஏழிலிருந்து பத்தரை வரை ஒரு பெருங்கூட்டம், நடுவில் வெறிச்சோடிக் கிடக்கும். கொப்பரை விலை இறங்கிய நாளும் அணை திறப்பு அறிவிப்பு வந்த நாளும் தனி.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ராத்திரி பதினொன்றுக்குச் சண்டை வந்தால் விழித்திருக்கிற அட்மின் இரண்டு பேராவது இருப்பார்களா? ஒருவர்தான் என்றால் ஆள் பற்றாது. எங்களை விட்டுப் போன அட்மின்கள் யாரும் வேலைப்பளு தாங்காமல் போகவில்லை. தனியாக ஒரு முடிவெடுத்து, அதற்கு வந்த ஏச்சையும் தனியாக வாங்கிக்கொண்டவர்கள்தான் போனார்கள். இரண்டு பேர் சேர்ந்து எடுத்த முடிவு தப்பாகவே போனாலும், பாதி வசவு அந்தப் பக்கம் போய்விடும்.

யாரைச் சேர்ப்பது?

"என்னை அட்மின் ஆக்குங்க" என்று வந்த முதல் மாதமே கேட்கிறவரை வேண்டாம். நான் பார்ப்பது, ஒருவர் பதில் சொல்வதற்கு முன் என்ன செய்கிறார் என்பதை. மஞ்சளாகிப் போன தென்னை மட்டை ஒன்றின் படம் வந்தது. பத்து பேர் பத்து மருந்து சொன்னார்கள், மூன்று பேர் உப்பு வைக்கச் சொன்னார்கள். கோபிப் பக்கத்து அண்ணன் ஒருவர் மட்டும், "மரத்துக்கு எத்தனை வயசுங்க? கீழ் மட்டையிலிருந்து மஞ்சளாகுதுங்களா, குருத்துப் பக்கமா? தண்ணி எப்போ விட்டீங்க?" என்று கேட்டார். அன்று ராத்திரியே அவருக்குப் போன் போட்டேன். கேள்வி கேட்டுவிட்டு அப்புறம் கை வைக்கிற ஆள்தான் இந்த வேலைக்கு வேண்டும். மீதி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இன்னொன்றைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் முதல் ஏழு அட்மின்களும் ஆண்கள், ஒரே சாதி, காங்கேயத்தைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, தெரிந்தவரைத் தெரிந்தவர் கூட்டி வந்தது. ஆடு வளர்க்கிற ஒருவர், தன்னைச் சாதி சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள் என்று புகார் கொடுத்தார். "சும்மா விளையாட்டுப் பேச்சுங்க, பெருசு பண்ணாதீங்க" என்று ஏழு பேரும் ஒரே குரலில் சொன்னோம், நானும்தான். "நீங்க எல்லாரும் பங்காளிகளாட்ட இருக்குது" என்று ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறிவிட்டார். அந்தக் கிண்டலை இப்போது படித்தால் எனக்கே கூசுகிறது. விளையாட்டு எது, வசவு எது என்று வாங்கிக் கட்டிக்கொள்கிற இடத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். அப்படி நின்றவர் ஒருவராவது அட்மின்களில் இல்லாவிட்டால் உங்களுக்கு அது கண்ணிலேயே படாது.

சேர்ந்த அன்றே முழு அதிகாரம் கொடுக்கலாமா?

வேண்டாம். டெலிகிராமில் ஒவ்வொரு அதிகாரத்தையும் தனித்தனியாகக் கொடுக்கலாம்: பதிவை அழிப்பது, ஆளைத் தடுப்பது, ஒரு பதிவைக் குழுவின் தலைமாட்டில் 'பின்' செய்வது, புது அட்மினைச் சேர்ப்பது. முதல் மாதம் அழிப்பது மட்டும். இரண்டாவது மாதம் தடுக்கும் அதிகாரம். புது அட்மினைச் சேர்க்கிற அதிகாரம் என்னையும் சேர்த்து இரண்டே பேரிடம்.

டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது போனுக்கு வருகிற எண்ணோடு தனி பாஸ்வேர்டும் கேட்கிற பூட்டு, போடாதவருக்கு எதுவுமே கிடையாது. ஓர் அட்மின் பாவம், எவனோ தெரிந்தவர் பெயரில் கேட்டான் என்று போனுக்கு வந்த லாகின் எண்ணை அனுப்பிவிட்டார். அடுத்த அரை மணி நேரத்தில் அவர் பெயரில் கிரிப்டோ விளம்பரமாக வந்து விழுந்தது. அப்போது அவரிடம் அழிக்கிற அதிகாரம் மட்டும் இருந்ததால் பெரிய சேதம் இல்லை. முழு அதிகாரம் இருந்திருந்தால் மற்ற பதிமூன்று பேரும் அந்தத் திருடனோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும்.

ஷிஃப்ட் எப்படிப் பிரிக்கிறீர்கள்?

பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர் நாலு மண்டலத்துக்கு மாறி மாறி விடுகிற கதைதான். வாரத்தை நாலு கூறு போட்டு, ஒவ்வொரு கூறுக்கும் மூன்று பேர், மிச்சம் இரண்டு பேர் மாற்று ஆள். உங்கள் முறை வராத நாளில் குழுவைத் திறந்து பார்க்கலாம், மற்றவர்களைப் போலப் பேசலாம், அட்மினாகக் கை வைக்கக் கூடாது. ஆரம்பத்தில் எல்லோரும் எந்நேரமும் பார்ப்போம் என்று இருந்தோம். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு ஆபாச வீடியோ விடிய விடியக் கிடந்தது.

ராத்திரிக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள். துபாயில் இருக்கும் பல்லடத்துத் தம்பிக்கு நம் பதினொன்றரை மணி பத்து மணிதான். அதற்குப் பிறகு நியூஜெர்சியில் இருக்கும் பொண்ணு, அவளுக்கு அது மத்தியானம். ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஊர்ப் பேச்சைக் கேட்கிற ஆசை இருக்கும், அது நமக்கு உபகாரம். ஆனால் அவர்களைத் தனியாக விடாதீர்கள். நள்ளிரவில் எடுக்கும் முடிவு மியூட் வரைக்கும்தான், நிரந்தரமாகத் தடுப்பதெல்லாம் காலையில் இன்னொருவர் பார்த்த பிறகு.

நோம்பி, தேர், தை மாசம், கல்யாண சீசன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு லீவு போடலாம். காரணம் கேட்பதில்லை. அந்தியூர்ச் சந்தை நடக்கும் ஆடி மாதத்தில் மாடு வைத்திருக்கிற அட்மின் நாலு பேரும் காணாமல் போய்விடுவார்கள், அதைக் கணக்கில் வைத்தே பட்டியல் போடுகிறேன்.

எதை எடுப்பது, எதை விடுவது என்று எல்லோரும் ஒரே மாதிரி எப்படி முடிவெடுப்பார்கள்?

எடுக்க மாட்டார்கள். அதை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். எங்களிடம் விதி ஐந்துதான்: சாதி, மதம் சொல்லித் திட்டாதே, பெண்களின் இன்பாக்ஸுக்குப் போகாதே, முன்பணம் கேட்டு விற்காதே, மருந்தின் அளவைத் தெரியாமல் சொல்லாதே, கட்சிப் பிரசாரம் வேண்டாம். ஒரு காலத்தில் இருபத்தி மூன்று விதி வைத்திருந்தோம், அட்மின்களே படிக்கவில்லை.

விதியைவிட உதவுவது நோட்டு. கூகுள் ஷீட்தான், பெயர் நோட்டு. பதிவின் ஸ்கிரீன்ஷாட், யார் எடுத்தது, ஏன் எடுத்தது என்று ஒரு வரி, இரண்டாவதாகப் பார்த்தவர் பெயர். இவ்வளவே. யார் எதை அழித்தார்கள் என்று டெலிகிராமே ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, ஆனால் அது 48 மணி நேரத்துக்குத்தான். மூன்றாவது நாள் ஒருவர் வந்து "என்ற பதிவை ஏனுங்க எடுத்துப்போட்டீங்க?" என்று கேட்டால் நம்மிடம் ஒன்றும் இருக்காது. "யாரோ எடுத்திருப்பாங்க" என்று ஓர் அட்மின் பதில் சொன்னார் பாருங்கள், அந்த ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல.

புதிதாக வருபவர் முதல் வாரம் செய்யும் ஒரே வேலை நோட்டைப் படிப்பது. "ஊரான் வீட்டு மாட்டைக் கேலி பண்ணினது, விட்டாச்சு. மாட்டுக்காரரைக் கேலி பண்ணினது, எடுத்தாச்சு" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. ஐந்து விதியைவிட அது அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

அட்மின்களுக்குள்ளேயே சண்டை வந்தால்?

வரும். எங்களுக்குக் கீழ்பவானி வாய்க்காலில் வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் தருகிற வாய்க்கால். அதற்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று விவசாயிகளே இரண்டு பக்கம். கடைமடைக்காரர், போட்டால்தான் தண்ணீர் எங்களுக்கு வந்து சேரும் என்பார். கசிவுநீரில் கிணறு ஊறி வெள்ளாமை எடுப்பவர், போட்டால் எங்கள் கிணறு செத்துப்போகும் என்பார். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் வயிற்றுப் பாடு.

எங்கள் அட்மின்களில் ஒருவர் கடைமடை, ஒருவர் கசிவுநீர்க் கிணறு. ஒரு ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு என் போன் அடிக்கிறது. கடைமடைக்காரர் எதிர்த்தரப்புப் பதிவு ஒன்பதை வரிசையாக அழித்திருக்கிறார். அதைப் பார்த்த கிணற்றுக்காரர், தன் பக்கத்து போராட்ட நோட்டீஸ் ஒன்றைக் குழுவின் தலைமாட்டில் பின் செய்துவிட்டார். நான் எழுந்து பார்ப்பதற்குள் "அட்மின் காசு வாங்கிட்டான்" என்று ஸ்கிரீன்ஷாட் ஊரெல்லாம் சுற்றுகிறது. அழித்த பதிவைத் திரும்பக் கொண்டுவரவும் வழி இல்லை. முதல் வேலையாக ஸ்லோ மோடை ஒரு மணி நேரத்துக்கு வைத்தேன், அதாவது ஒருவர் மணிக்கு ஒரு பதிவுதான் போட முடியும். அப்புறம் இரண்டு பேருடைய அதிகாரத்தையும் காலை வரை நிறுத்திவைத்தேன். இருவருக்கும் கோபம், ஒரே அளவு கோபம் என்பதால் பரவாயில்லை.

மறுநாள் பெருந்துறையில் ஒரு பேக்கரியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். இதை மெசேஜில் பேசியிருந்தால் இன்றைக்கும் முடிந்திருக்காது. முதல் அரை மணி நேரம் வாய்க்காலைப் பற்றியே பேசினார்கள், நான் தேங்காய் பன் தின்றேன். பிறகு கேட்டேன்: "உங்க ரெண்டு பேர் வரப்புத் தகராறுன்னு வைங்க, பஞ்சாயத்துல நீங்களே உக்காந்து தீர்ப்பு சொல்லுவீங்களா?" அங்கேதான் முடிந்தது. தனக்கு நிலமோ சொந்தமோ வியாபாரமோ இருக்கிற விஷயத்தில் ஓர் அட்மின் கருத்துச் சொல்லலாம், கை வைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. கீழ்பவானி விவகாரம் முழுவதையும் பொள்ளாச்சி அக்காவிடமும் நாமக்கல் கோழிப்பண்ணை அண்ணனிடமும் ஒப்படைத்தோம், இருவருக்கும் அந்த வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் பாத்தியதை கிடையாது. யார் பார்க்கிறார்கள், ஏன் மாற்றினோம் என்று பொதுக்குழுவில் போட்டோம். அழித்த ஒன்பது பதிவுக்காரர்களிடமும் மன்னிப்புக் கேட்டு, திரும்பப் போடச் சொன்னோம். ஏழு பேர் போட்டார்கள். அந்த இரண்டு அட்மின்களும் இன்றைக்கும் கான்கிரீட்டில் ஒத்துப்போகவில்லை, ஒரே நாளில் முறை பார்க்கிறார்கள்.

நீக்கப்பட்டவர் சொந்தக்காரராக இருந்தால் என்ன செய்வதுங்க?

இது பெருநகரத்துக்காரர்களுக்குப் புரியாத தொல்லை. இங்கே நீக்கப்பட்டவர் ஒன்று மாமன், இல்லை மாமனுக்குப் பால் ஊற்றுகிறவர். கல்யாண மண்டபத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் மாப்ள, என்னைத் தூக்கிப்போட்டியாமா?" என்று எல்லோரும் கேட்கும்படி கேட்பார். பாயசம் தொண்டையில் இறங்காது.

அதனால் எந்த அறிவிப்பும் தனி ஆள் பெயரில் போகாது, "குழு" என்றுதான் போகும். டெலிகிராமில் அட்மின் பெயர் தெரியாமல் குழுவின் பெயரிலேயே எழுதுகிற வசதி உண்டு, அதைப் பயன்படுத்துகிறோம். உள்ளே நோட்டில் பெயர் இருக்கும், வெளியே இருக்காது. யாராவது அட்மின் வீட்டுக்கே வந்துவிட்டால், "நான் ஒருத்தன் முடிவு பண்றதில்லீங்க மாமா, ரெண்டு பேர் பார்த்துத்தான்" என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. மேல்முறையீடு என்னிடம், வாரத்தில் ஒரு நாள், எழுத்தில் மட்டும். முதலில் எடுத்தவர் அதைத் தொட மாட்டார். பத்தில் இரண்டு மூன்றைத் திருப்பித் தருவோம், அப்படித் திருப்புவதில் எடுத்த அட்மினுக்கு அவமானம் ஒன்றும் இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மோசடிப் பதிவுகளை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

எங்கள் பக்கத்துக்கு ஈமு கோழி என்று ஒரு பாடம் உண்டு. 2012ல் பெருந்துறைப் பக்கம், ஈமு வளர்க்கப் பணம் போட்டால் மாதாமாதம் உறுதியாக வருமானம் என்ற முதலீட்டுத் திட்டம் கவிழ்ந்தபோது நகையை அடகு வைத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர். அதனால் "மாதம் இவ்வளவு உறுதி" என்ற வார்த்தை எந்தப் பதிவில் இருந்தாலும் அது ஆடோ காடையோ கற்றாழையோ, ஒரு பேச்சுக்கும் இடமில்லாமல் போய்விடும். இந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டாவது ஆள் தேவையில்லை.

மாட்டு மோசடி கொஞ்சம் நுணுக்கம். அருமையான காரிக் காளை, அடிமாட்டு விலை, "வேற பார்ட்டி கேக்குறாங்க, ஐயாயிரம் அட்வான்ஸ் போட்டுவிடுங்க" என்று வரும். படம் எங்கோ எவரோ எடுத்தது. எங்கள் கிழவர் ஒருவர் கண்டுபிடிக்கிற விதமே தனி, மாட்டைப் பார்க்க மாட்டார், கட்டுத்தரையைப் பார்ப்பார். "தாராபுரம்னு போட்டிருக்கான், பின்னால தெரியற வைக்கோல் போர் நம்ம ஊர்ப் போர் மாதிரி இல்லியே" என்பார். இப்போது விற்கிறவர் அன்றைய செய்தித்தாளை மாட்டுக்குப் பக்கத்தில் பிடித்து வீடியோ எடுத்துப் போட வேண்டும். பணம் போய்விட்டது என்று வருபவருக்கு அட்மின் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே 1930க்கு அடிக்கச் சொல்ல வேண்டும். சைபர் குற்ற உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

பெண் அட்மின்கள் ஏன் நிலைப்பதில்லை?

முதலில் வந்த மூன்று பேரில் இரண்டு பேர் ஆறு மாதத்தில் போய்விட்டார்கள். ஒரு ஆணின் பதிவை ஓர் ஆண் எடுத்தால் குழுவில் திட்டுவார்கள். அதையே பெண் எடுத்தால் இன்பாக்ஸுக்குப் போவார்கள், ராத்திரி வீடியோ கால் போடுவார்கள், வீட்டுக்காரர் நம்பரைத் தேடுவார்கள். "பிளாக் பண்ணிடுங்கம்மா" என்று நாங்கள் சொன்னதுதான் அவர்களை அனுப்பிவைத்தது. தொல்லையைச் சமாளிக்கிற வேலையையும் அவர்கள் தலையிலேயே கட்டினோம்.

இப்போது அவர்களுக்கு வந்த மெசேஜை என்னிடம் தள்ளிவிட்டால் போதும், அனுப்பியவரைத் தூக்குவதும் தேவைப்பட்டால் போலீஸுக்குப் போவதும் என் பொறுப்பு. போன் நம்பரை யாரும் பார்க்க முடியாதபடி செட்டிங்கில் மறைத்துவிட்டுத்தான் அட்மின் ஆக்குகிறோம். பொள்ளாச்சி அக்கா ஐந்தாவது வருடம். ஆளைப் பார்த்தால் பூனை மாதிரி இருப்பார், கீழ்பவானிக்காரர்கள் அவரிடம் வாலைச் சுருட்டிக்கொண்டு பேசுகிறார்கள்.

யாரோ போட்ட பதிவுக்கு அட்மினைப் போலீஸ் பிடிக்குமா?

அட்மின் என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றவாளி ஆக்க முடியாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021ல் சொன்னது, கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொன்னது. நமக்குக் கிட்டத்தில் உள்ளது, கரூர் வழக்கறிஞர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றின் வழக்கு: அட்மின் வேலையைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் உத்தரவிட்டது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுக்காதீர்கள். அட்மினே பகிர்ந்தாலோ, சேர்ந்து திட்டம் போட்டாலோ கதை வேறு. வழக்கில் கடைசியில் பெயர் நீங்கும் என்பது சரி, அதுவரை ஸ்டேஷனுக்கு நடப்பது யார்? புகார் வந்த பதிவை எத்தனை நிமிடத்தில் எடுத்தோம் என்று நோட்டில் இருப்பது அப்போதும் கை கொடுக்கும்.

சும்மா வேலை வாங்குகிறீர்களே, ஏதாவது கொடுக்கக் கூடாதா?

கொடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்து அரட்டை அறைகளை நடத்தியது. பணத்துக்குப் பதிலாக இலவச இணைப்பு, ஆனால் ஷிஃப்ட், அறிக்கை எல்லாம் வேலைக்காரருக்குக் கேட்கிற மாதிரியே கேட்டது. 1999ல் சிலர் எங்களுக்குக் கூலி கொடு என்று வழக்குப் போட, 2010ல் ஒன்றரைக் கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. லாபம் சம்பாதிக்கிற கம்பெனியின் கதை அது, நம் குழுவுக்கு அப்படியே பொருந்தாதுதான். இருந்தாலும் ஷிஃப்ட் பட்டியல் போடும் ஒவ்வொரு மாதமும் எனக்கு அது ஞாபகம் வரும். கட்டளை போடுகிற தொனி வந்துவிட்டதா என்று ஒருமுறை படித்துப் பார்ப்பேன்.

எங்களுக்கு வினை வந்தது கமிஷனில். ஓர் அட்மின், தென்னங்கன்று விற்கிற ஒரு நர்சரிக்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர் விளம்பரத்தை விட்டுவைத்து, போட்டிக்காரர் பதிவை மட்டும் அழித்துக்கொண்டிருந்தார். நோட்டில் ஒரே கடையின் பதிவு திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்துத்தான் பிடித்தோம். நல்ல உழைப்பாளி, மனசு கேட்கவில்லை, ஆனாலும் அன்றே அனுப்பிவிட்டோம். வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரும் ஒரு தோட்டத்தில் கூடி, கறியும் சோறும் சாப்பிடுகிறோம். செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம்.

தானாக வேலை செய்கிற 'பாட்' (bot) நிரல் போட்டால் போதாதா? இப்போது ஏஐ எல்லாம் வந்துவிட்டதே?

லிங்க் ஸ்பாமுக்கு பாட் நன்றாக வேலை செய்கிறது, போடுங்கள். தமிழ் வசவுக்கு ஆகாது. "நீங்க ரொம்ப நல்லவருங்க" என்பது எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய திட்டு என்று எந்த பாட் நிரலுக்கும் தெரியாது. 2023ல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் (Stack Exchange) என்ற கேள்வி-பதில் தளங்களில் ஏஐ எழுதிய பதில்களை அழிக்கக் கூடாது என்ற மாதிரி நிர்வாகம் கட்டுப்பாடு போட, தன்னார்வ மட்டுறுத்துநர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். எங்களுக்கும் அந்தத் தலைவலி வந்திருக்கிறது. வெள்ளை ஈக்கு என்ன அடிக்கலாம் என்று கேட்டால் ஏஐ எழுதியதை அப்படியே ஒட்டுகிறார்கள், படிக்க அழகாக இருக்கும், மருந்தின் அளவு எங்கோ இருக்கும். நாலாவது விதியில் எடுத்துவிடுகிறோம்.

சாகப் போகிறேன் என்று யாராவது எழுதினால்?

கடன் தொல்லையில் இரண்டு முறை வந்திருக்கிறது. பதிவை உடனே அழித்துவிட்டுக் கைகழுவாதீர்கள். ஒருவர் அவரிடம் தனியாகப் பேச வேண்டும், முடிந்தால் போனில். இன்னொருவர் அவர் எந்த ஊர், பக்கத்தில் யார் என்று தேட வேண்டும். குழுவில் புத்திமதி மழையை நிறுத்திவிடுங்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டு அரசின் உதவி எண் 104, இரண்டும் எல்லா அட்மின் போனிலும் சேமித்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. எல்லாம் முடிந்தபின் பேசிய அட்மினுக்கு அந்த வாரம் முறை கிடையாது. அவரோடும் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். இதை நாங்கள் முதல் தடவை செய்யவில்லை, பேசிய அட்மின் தம்பி மூன்று நாள் தூங்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஓர் அட்மின் சொல்லாமல் காணாமல் போனால்?

இரண்டு மாதம் பார்ப்போம், பிறகு அதிகாரத்தை எடுத்துவிட்டு, "எப்போ வேணா வாங்க" என்று சொல்லிவிடுவோம். எடுக்கும் முன் போன் போடுங்கள். ஒருவருக்குப் போட்டபோது அவர் மனைவிதான் எடுத்தார், மருத்துவமனையில் இருந்தார்கள். சும்மா பெயரை நீக்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

உரிமையாளர் கணக்கு யாரிடம் இருக்கிறது என்பதையும் இப்போதே பாருங்கள். பெரும்பாலான குழுக்களில் அது எப்போதோ ஆரம்பித்துவைத்தவரின் பழைய நம்பரில் கிடக்கும். அவர் நம்பரைத் தொலைத்தாலோ காலமாகிவிட்டாலோ குழு தலையில்லாமல் நிற்கும். உரிமையை மாற்றிக் கொடுக்க அவருடைய கணக்கில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுச் சில நாள் ஆகியிருக்க வேண்டும், அவசரத்துக்கு நடக்காது.

நானும் சேரலாமுங்களா?

விடியக்காலம் நாலரைக்கு விழிக்கிற ஆள் ஒருவர் வேண்டும். கரூர்ப் பக்கமோ சத்தியமங்கலம் மலைப்பக்கமோ இருந்தால் இன்னும் நல்லது, அங்கே எங்களுக்கு ஆளே இல்லை. மெசேஜ் போடுங்கள். ஆனால் முதல் வாரம் நோட்டு படிக்கிற வேலைதான், இப்போது அதில் நாலாயிரத்துச் சொச்சம் வரி இருக்கிறது.